உப்பு ஜாடியும் அத்துவிதமும்

திருநெல்வேலி அச்சகம் ஒன்றில் 30 வருஷம் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஒருமுறை குடமுழுக்கு மலருக்கு வயதான ஓதுவார் ஒருவர் கட்டுரை கொடுத்திருந்தார். ‘இறையும் உயிரும் இரண்டல்ல’ என்று அதில் ஓரிடம். படிக்க எளிதாக இருக்கட்டுமே என்று ‘இரண்டு இல்லை’ ஆக்கினேன். மலர் வந்த மறுநாள் அச்சகத்துக்கே வந்துவிட்டார். “ஒத்தச் சொல்லுல என்னைய மாயாவாதி ஆக்கிட்டீரே வே!”

பிறகு அடுக்களையை வைத்து விளக்கினார். ‘உப்பு இல்லை’ என்றால் ஜாடி காலி. ‘உப்பு அல்ல’ என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, சீனியாக இருக்கலாம். (ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்பது இலக்கணம். பேச்சில் ‘அன்று’ போய் வெகுகாலமாயிற்று. அதற்காக நான் அழுவதில்லை.)

அத்துவிதம் என்ற சொல்லில் ‘துவிதம்’ என்பது இரண்டு, முன்னால் நிற்கும் ‘அ’ மறுப்பு. அந்த மறுப்பிலும் இதே சிக்கல்தான். ஓதுவார் மாயாவாதம் என்ற சங்கரர் வழியில் அது இன்மை: பிரம்மம் தவிர இரண்டாவது பொருளே இல்லை. சைவ சித்தாந்தத்தில் அது அன்மை: இறைவனும் உண்டு, உயிரும் உண்டு, பிரிந்து நிற்கிற இரண்டு அல்ல. சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் இதை இலக்கணத்தைக் கொண்டே நிறுவுகிறார். 1785இல் மறைந்த அந்தத் திருவாவடுதுறைத் தம்பிரான் எங்கள் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். சங்கரநமச்சிவாயரின் நன்னூல் உரையைத் திருத்தியவரும் அவரே. ஒருவகையில் எங்கள் தொழில்காரர்.

‘சாமிக்கு எழுத்துப்பிழை தெரியவா போகிறது?’ என்பார்கள். வாஸ்தவம். கும்பிடுகிறவனுக்கு மெய்ப்புத் திருத்துநர் வேண்டாம். எதை நம்புகிறேன் என்று அடுத்தவருக்கு எழுதிச் சொல்ல வருகிறவனுக்கு வேண்டும். அம்மை முருகனுக்கு வேலைக் கொடுத்தாள். ‘க்’கை விட்டால் உத்தியோகம் கொடுத்ததாகிவிடும். படிக்கிறவர் சிரித்துவிட்டுத் தாமே திருத்திக்கொள்வார். ‘இரண்டு இல்லை’ அப்படிக் கண்ணில் உறுத்தாது. அதற்கும் நல்ல பொருள் உண்டு, அது இன்னொருவரின் கொள்கை என்பதுதான் வம்பு.

எழுதி முடித்ததும் ‘இல்லை’ வருமிடமெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஜாடி காலியா, உள்ளே வேறு சரக்கா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் விட்டதற்கு, 500 மலரிலும் திருத்தச் சீட்டைப் பசை தடவி நானே ஒட்டினேன்.