அருவிப்புரத்தின் செய்தி

எல்லா உயிர்களிலும் ஒளிர்வது ஒரே ஆன்மா என்பது வேதாந்தத்தின் முடிவு. பக்தர் எவரும் இதை மறுப்பதில்லை. ஆனால் கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் வயல் வரப்பிலும் இவ்வுண்மை என்ன மாறுதலைச் செய்தது என்பதே அதன் உரைகல். கேரளத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். அதையே அருவிப்புரத்தில் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் தோன்றிய ஈழவ சமூகத்தினருக்கு அக்காலத் திருவிதாங்கூரின் பெருங்கோயில்களில் நுழையவும் உரிமையில்லை. சாதி பேதமும் மதப் பகைமையும் இன்றி அனைவரும் சகோதரர்களாக வாழும் இடம் இது என்ற கருத்தை அங்கே அவர் பொறித்து வைத்தார். அந்தக் கோயிலை ஒட்டி வளர்ந்த அமைப்பு 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது. கல்வியையும் தொழிலையும் வழிபாட்டுக்குத் துணையாக்கியது.

அதே வட்டாரத்து வெங்கானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, வயலில் உழைத்த புலையர் மக்களின் தலைவரானார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அம்மக்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணையிட்ட பின்னரும் கதவுகள் திறக்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. எங்கள் குழந்தைகள் படிக்காவிட்டால் உங்கள் வயலில் வேலை இல்லை என்று உழைப்பாளிகள் விலகி நின்றனர். விளைநிலங்கள் தரிசாயின. பசியைத் தாங்கி அவர்கள் கேட்டது பிச்சையை அன்று, குழந்தைக்குரிய இடத்தை.

அருவிப்புரப் பிரதிஷ்டைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1892-இல், சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனைக்குச் சென்றார். பின்னர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், மனிதரிடையே திறமையில் வேறுபாடு இருப்பது இயல்பு, அதைக் காட்டித் தனிச்சலுகை கோருவதே தீமை என்று அவர் விளக்கினார். உடல் வலிமை, செல்வம், அறிவு ஆகியவற்றால் வரும் சலுகைகளைக் காட்டிலும் ஆன்மிகத்தின் பெயரால் கோரப்படும் சலுகையே கொடியது என்பது அவரது எச்சரிக்கை.

நாடுகளுக்கு உள்ளேயும் நாடுகளுக்கு இடையேயும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதை 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை தன் 17 இலக்குகளுள் ஒன்றாக ஏற்றது. அரசுகளின் திட்டங்கள் தேவையே. ஆயினும் ஆணை பிறந்த பின்னும் ஊரூட்டம்பலத்தில் கதவு மூடியிருந்ததை மறக்கலாகாது. கடைசித் தாழ்ப்பாள் மனித மனத்தில் இருக்கிறது.

இன்று கேரளத்தின் கட்டடங்களை எழுப்புவோரில் வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் மாநிலத்தவர் பலர். தமிழக நகரங்களிலும் அப்படியே. அவர்களது கூலி உரிய நாளில் கையில் சேர்கிறதா? அவர்களின் குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்கிறதா? வீட்டு வேலைக்கு வருபவர் எந்தக் குவளையில் நீர் அருந்துகிறார்? பூஜையறையில் ஏற்றிய விளக்கின் ஒளி இக்கேள்விகள் வரை எட்ட வேண்டும்.

தனக்கு மட்டும் என்று வைத்திருக்கும் சலுகை ஒன்றைச் சாதகர் இன்றே கண்டறிந்து விடுவாராக. இறைவன் உவக்கும் அர்ச்சனை அது.