உடைந்த பாலத்துப் பேயும் கந்தசஷ்டி கவசமும்



அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் பத்தின பேய்க் கதை உங்களுக்கும் ஃபார்வேர்டா வந்திருக்கும். ராத்திரியில ஒரு பொண்ணு அலறுற சத்தம் கேக்குமாம். 1967-ல் மீனவர்கள் ஆத்தைக் கடக்கக் கட்டின பாலம் அது. 1977-ல் நீரோட்டம் ஒரு பகுதியை இடிச்சிடுச்சு. மிச்சம் அந்தரத்துல நிக்குது.

போன மாசம் ஆபீஸ் நண்பர்களோட ராத்திரி போனேன். கவசம் மனப்பாடம்ங்கற பெருமை வேற! காத்து ஊளையிட்டதும் முதல் வரியே மறந்துபோச்சு.

ஓடி வந்தா, குப்பத்து அண்ணன் ஒருத்தர் தனியா உக்காந்து வலை பின்னிட்டு இருக்கார்.

"பயமா இல்லையாண்ணே?"

"எங்க வீடே இங்கதான தம்பி. தண்ணி இழுப்புக்குத்தான் பயப்படணும்."

வீட்டுக்கு வந்து கவசத்தை நிதானமா படிச்சேன். தேவராய சுவாமிகள் 'பேயே இல்லை'ன்னு வாதாடல. பேய்களைப் பேர் சொல்லி வரிசைப்படுத்தி, முருகன் பேரைக் கேட்டா ஓடும்கறார். அதோட நிறுத்தாம புலி, பாம்பு, தேள், நோய்னு மனுஷன் பயப்படற எல்லாத்தையும் சேர்த்திருக்கார். நான்தான் அதைப் பேயோட்டுற பாஸ்வேர்டா வெச்சிருந்தேன்.

என் தூக்கத்தைக் கெடுக்கறது லேஆஃப் மெயில். இப்பல்லாம் கவசம் முடிச்சதும் அதையும் அவன்கிட்ட சொல்லிடறேன். சஷ்டிக்கு பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயில்ல பார்ப்போம்.

ஓம் சரவணபவ!