எறிந்த தகரமும் எரியும் அடுப்பும்

குப்பை என்பது யாது? மாணவரிடம் இவ்வினாவைக் கேட்டால், "வேண்டாதது" என்று உடனே விடை வரும். யாருக்கு வேண்டாதது என்று மேலும் கேட்டால் சற்றே தயங்குவர். அந்தத் தயக்கம் நல்லது. வேண்டும், வேண்டா என்பன பொருளின் இயல்புகள் அல்ல. பொருளை நோக்குவோனின் நிலையைப் பொறுத்தவை. ஒருவர் எறிந்த தகரத்தை மற்றொருவர் எடுத்து அடுப்பாக்குகிறார். தகரம் ஒன்றுதான், நோக்கும் கண்கள் வேறு.

முகாம்களில் திறந்த வெளியில் தீ மூட்டிச் சமைப்பதற்கு வேண்டிய சிறு கருவிகளைக் கழிபொருள்களிலிருந்தே செய்துகொள்ளும் வழக்கத்தை ஆசிரியர் பலரும் அறிவர். எளிய கைவேலைதான். ஆயினும் அதற்குள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது: இல்லாமையிலிருந்து பிறப்பதாக நாம் கருதும் திறனைப் போற்றலாமா? போற்றும்போது உண்மையில் எதைப் போற்றுகிறோம்? இக்கேள்வியை நான் நூல்களில் கண்டெடுக்கவில்லை. ஒரு சிறுவனிடம் தவறிழைத்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். பால்மாவு அடைத்து வந்த பெரிய டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடியில்லாத வாய் மேலே இருக்கட்டும். அடிப்பகுதியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாயில் வெட்ட வேண்டும். சுள்ளிகள் அவ்வழியே செல்லும். காற்றும் அவ்வழியே செல்லும். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, வாயிலுக்கு எதிர்ப்புறத்தில், ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இட வேண்டும். இத்துளைகளைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். சட்டியை ஏற்றியதும் டின்னின் வாய் அடைபடும். சூடேறிய காற்று வெளியேற வழியின்றி நிற்கும். அது வெளியேறாவிடின் புதுக்காற்று கீழிருந்து உள்ளே வராது. தீ புகைந்து மடியும். சமைப்பவரோ விறகு ஈரம் என்று விறகின்மீது பழி போடுவார். துளைகள் இட்ட அடுப்பை, வாயில் காற்று வரும் திசையை நோக்குமாறு வைத்தால், விரல் பருமனுள்ள சுள்ளிகள் ஒரு கைப்பிடி போதும். இரண்டு குவளை நீர் கொதித்துவிடும். வெட்டிய விளிம்பு கத்தியைப் போன்றது. அதை உட்புறமாக மடித்துத் தட்டிய பிறகே மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

கொட்டாங்கச்சியின் பாதியில் எதிரெதிரே இரண்டு துளையிட்டு, மூங்கிற்காம்பை இறுகச் செருகினால் அகப்பை. பிளந்த மூங்கிலின் நடுப்பகுதியைச் சீவி மெலிதாக்கி, அனலில் காட்டி வளைத்தால் இடுக்கி. இவ்விரண்டும் நம் பாட்டிமார் அறிந்தவையே.

ஆனால் கழிபொருள்கள் எல்லாம் ஒரே குணத்தன அல்ல. துத்தநாகம் பூசிய பழைய வாளியைக் கடுந்தீயில் இட்டால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். முற்காலத்து உணவு டின்களின் பொருத்துகளில் ஈயம் கலந்த பற்றாசு இருந்தது. அத்தகைய டின்னை அடுப்பாக்கலாம், சட்டியாக்கலாகாது. சாய டின் எதற்கும் உதவாது. ஒரு தகரத்தைக் கையிலெடுப்பவர், அது இதுவரை என்னவாக இருந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வேலை முடிப்பவனைப் பொறியாளனோடு ஒப்பிட்டு எழுதினார். பொறியாளன் முதலில் திட்டம் வகுத்து, பிறகு அதற்கேற்ற பொருளைத் தேடுவான். மற்றவனோ தன்னிடம் உள்ள பொருள்களிடமே சென்று, நீங்கள் என்னவாக முடியும் என்று கேட்பான். அப்பொருள்களோ தம் பழைய வாழ்வின் தடங்களைச் சுமந்துகொண்டே விடை கூறும். பாரிசில் இருந்து எழுதிய அறிஞரின் கருத்து நம் லயத்து வீடுகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது!

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் வீடுகளில் நான்கு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் புகாத இடமில்லை. நீர் சுமந்தது அது. துணி அவித்தது அது. இருபுறமும் வெட்டி விரித்தபோது கூரைக்கு ஒட்டுப் போட்டதும் அதுவே. கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று. கடையில் கோப்பி வாங்கச் சென்றவர்க்கு அதே டின்னில் கயிறு கட்டி ஊற்றிக் கொடுத்தனர். எங்கள் வீட்டில் அளந்த அரிசியில் கூடுதல் குறைவு எல்லாம் அந்த டின்னின் தலையில்தான் விடியும். பாட்டி கை தாராளம் என்பதை ஒருவரும் சொல்லத் துணியவில்லை.

இத்தகைய வாழ்வை இன்று நினைவுகூர்வோர் பெரும்பாலும் இரண்டு வகையினர். அந்தோ, எத்தனை துன்பம் என்று இரங்குவோர் ஒருவகை. ஆகா, எத்தனை சிக்கனம், எத்தனை திறமை என்று வியப்போர் மற்றொருவகை. நான் நெடுங்காலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன். வியப்பது இரங்குவதைவிட உயர்ந்த செயல் என்றும் எண்ணியிருந்தேன்.

விரும்பி ஏற்கும் எளிமை வேறு, வேறு வழியின்றி வாய்க்கும் எளிமை வேறு. கிரேக்க ஞானி டயோஜெனிஸ், ஒரு சிறுவன் இரு கைகளாலும் நீரை அள்ளிப் பருகுவதைக் கண்டு, எளிமையில் இவன் என்னை வென்றுவிட்டான் என்று கூறித் தன் குவளையை எறிந்துவிட்டதாக ஒரு கதை உண்டு. ஞானியின் துறவைப் பாராட்டித்தான் இக்கதையைக் கூறுவர். அச்சிறுவனுக்கு வீட்டில் குவளை இருந்ததா, இல்லையா? அதைக் கேட்டவர் எவருமில்லை. பேடன்-பவல் 1907-ஆம் ஆண்டில் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமுக்குச் செல்வர் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தனர். தீயில் சமைத்து உண்பது முன்னவர்க்குப் புது அனுபவமாக இருந்திருக்கும். பின்னவர்க்கு அது எவ்வாறு இருந்ததோ!

1978-ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஆறாம் வகுப்பு மாணவர் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு பேராக்கில் ஓர் ஆற்றங்கரைக்குச் சென்றேன். சமையற் கருவிகளை மாணவரே செய்ய வேண்டும் என்பது என் ஏற்பாடு. அதற்கென ஒரு தோட்டத்துப் பண்டகசாலையின் பின்புறத்தில் கிடந்த டின்களைச் சாக்கில் அள்ளிச் சென்றிருந்தேன். என்னென்ன டின்கள் என்று நான் பார்க்கவில்லை. தகரம் என்றால் தகரந்தானே என்பது என் எண்ணம்.

பட்டணத்துப் பிள்ளைகள் ஆணியும் கல்லுமாகப் போராடிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்த ஒரு சிறுவன் சாக்கின் முன் அமர்ந்தான். ஒவ்வொரு டின்னாக எடுத்து முகர்ந்தான். இரண்டை மட்டும் ஒரு குச்சியால் தள்ளித் தொலைவில் ஒதுக்கினான். பிறகு ஒன்றை எடுத்து, அரைமணி நேரத்தில் அடுப்பு செய்து முடித்தான். மேல்துளைகளை யாரும் சொல்லாமலே இட்டான். அவன் அடுப்பில் சோறு பொங்கியபோது மற்ற அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன.

நான் அனைவரையும் கூட்டினேன். அவனை நடுவில் நிறுத்தி, "பாருங்கள், இவனுக்கு வறுமையே ஆசிரியர். இல்லாமை எத்துணைப் பெரிய பள்ளிக்கூடம்!" என்றேன். மாணவர் கை தட்டினர். அவன் கையிலிருந்த அகப்பையைக் கல்லின்மேல் வைத்தான். ஆற்றுப் பக்கம் நடந்தான். அன்று பகலில் அவன் உண்ணவில்லை.

இரவில் தீயருகே தனியே அமர்ந்திருந்தவனிடம் சென்று, "என்ன தம்பி?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டில் அடுப்பு இருக்கு ஐயா. மண்ணெண்ணெய் அடுப்பு. ரெண்டு திரி" என்றான். தகர அடுப்பு செய்ய எங்கே கற்றாய் என்றேன். மாமாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவானாம். பிடித்த மீனை அங்கேயே சுடுவதற்கு மாமா கற்றுக்கொடுத்தாராம். அவன் அதைச் சொன்னபோது முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. என் 'வறுமைப் பள்ளி' அவன் வாழ்வில் எங்குமே இல்லை. ஓய்வு நாளும் அன்பான மாமனும் ஓர் ஆறுமே அவனுக்குப் பள்ளியாக இருந்தன.

எழுந்தபோது அவன் சொன்னான்: "ஐயா, நான் தள்ளி வைத்த ரெண்டு டின்னையும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கோங்க. அது மருந்து டின். அம்மா தெளிக்கிற மருந்து."

களைக்கொல்லி! அன்று தோட்டங்களில் பெரிதும் பயன்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைச் சிறிதளவு விழுங்கினாலே உயிர் போகும். அதற்கு முறிமருந்து இல்லை. மலேசியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020-ஆம் ஆண்டில்தான். அந்த டின்களில் இருந்தது அதுவோ வேறொன்றோ, அவற்றுள் ஒன்றைக் கழுவிச் சட்டியாக்கியிருப்பான் பட்டணத்துப் பிள்ளை எவனாயினும். சாக்கை அள்ளி வந்த கை என் கை. பதினெட்டுப் பிள்ளைகளைக் காத்த மூக்கு, நான் இரக்கத்தோடு வியந்த அச்சிறுவனின் மூக்கு.

அன்றிரவு என்னை உறுத்தியது இதுவே. அவன் திறனுக்கு நான் தவறான பிறப்புச் சான்று எழுதிக் கொடுத்தேன். மகிழ்ச்சியில் கற்றதை வறுமையில் கற்றதாகச் சொன்னேன். உண்மையிலேயே அவன் வாழ்வின் இடர் அவனுக்குக் கற்பித்த ஒன்று இருந்தது: மருந்து டின்னின் வாடை. அதை நான் கண்ணாரக் கண்டும் அறிவென்று உணரவில்லை. சட்டியில் உள்ளதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். என் மனத்தில் இருந்ததுதான் என் பாராட்டில் வந்தது.

வியப்பும் ஒருவகை விலக்கே. வறுமையில் திறமை வளரும் என்று மேடையில் பேசுபவர், வறுமை இருந்தால் குற்றமில்லை என்றும் தம்மையறியாமல் பேசிவிடுகிறார். இதற்குச் சான்றாக நம் மண்ணின் பெருந்துயர் ஒன்றையும் கூற வேண்டும். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும் மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் முதலியோரும் அதில் உழைத்தனர். கைதிகளின் முகாம்களில் நான்கு காலன் தகரங்கள் உலையாயின. கொதித்த நீரையே பருக வேண்டும் என்ற ஒழுங்கை அவர்களின் அதிகாரிகளும் மருத்துவர்களும் காத்தனர். 1943-இல் காலரா பரவியபோது அந்த ஒழுங்கு பல உயிர்களைக் காத்தது. ஆயினும் 12,000-க்கும் மேற்பட்ட கைதிகள் அப்பாதையில் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் முகாம்களிலோ மருத்துவரும் இல்லை, ஒழுங்கு செய்வாரும் பெரும்பாலும் இல்லை. மாண்ட தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

தகரத்தை வளைத்து வாழ்ந்து பழகிய கைகள் எந்தக் கைகள்? நம்மவர் கைகளே. திறன் அவர்களிடம் குறைவாகவா இருந்தது? திறன் மட்டுமே காக்கும் என்றால் அவர்கள் பிழைத்திருக்க வேண்டும். நீர் காய்ச்ச ஓய்வும், விறகு பொறுக்க வலுவும், நோயுற்றால் பார்க்க ஒரு மருத்துவரும் இல்லாதபோது, கைத்திறன் தனித்து நின்று என்ன செய்யும்?

அப்படியாயின் பிள்ளைகளுக்குத் தகர அடுப்பைக் கற்பிக்கலாகாதா என்று ஆசிரியர் நண்பர் ஒருவர் கேட்டார். கற்பிக்கத்தான் வேண்டும். நான் மேலும் பல ஆண்டுகள் கற்பித்தேன். ஏழ்மையின் புகழ் பாடும் சொற்பொழிவைத்தான் விட்டுவிட்டேன். அதனால் மாணவர்க்கு இழப்பேதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. சோறு சற்று விரைவில் ஆயிற்று.

மறுநாட்காலை, அந்த இரண்டு டின்களையும் ஒரு குழியில் வைத்துக் கல்லடுக்கி மூடினோம். ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் தோண்ட வேண்டும் என்று அவனே அடியளந்து காட்டினான். குழியில் புதைத்ததும் சரியான செயலன்று என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அன்று எங்களுக்கு அவ்வளவே தெரியும். பிறகு அவனை அழைத்து, மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில், "நேற்று நான் சொன்னது தவறு. இவன் மாமாவிடம் கற்றவன்" என்றேன். அவன் தலை நிமிரவில்லை. ஆனால் அன்று உண்டான்.

அடுத்த ஆண்டு முகாமில், சாக்கை நான் தூக்கிச் செல்லவில்லை. மாணவரையே வீட்டிலிருந்து ஆளுக்கொரு டின் கொண்டுவரச் சொன்னேன். வந்தவுடன் வட்டமாக அமரவைத்து, "இதில் என்ன இருந்தது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவன் பால்மாவு என்றான். ஒருவன் பிஸ்கட் என்றான். ஒருவன் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தெரியலை ஐயா" என்றான். அதை அப்புறம் வைத்துவிடு என்றேன். அன்று ஓரடுப்பு குறைவு. கடைசிக் குழுவினர் உண்ணும்போது நன்றாக இருட்டிவிட்டது.