சுதந்திர தினமும் நம் ஷுக்ரும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஆகஸ்டு 15 வருகிறது. மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கொடியேற்றுவார்கள். பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, கையில் மிட்டாயோடு வீடு திரும்புவார்கள். இந்த நாள் வரும்போதெல்லாம் நம்மிடம் இருவிதமான கேள்விகள் வருகின்றன. "ஹழ்ரத், இதற்கெல்லாம் மார்க்கத்தில் இடமுண்டா?" என்று கேட்பவர்கள் ஒருபுறம். "நமக்கு நடக்கிற அநியாயங்களைப் பார்த்துக்கொண்டு எப்படி நன்றி சொல்வது?" என்று கேட்கும் வாலிபர்கள் மறுபுறம். இரண்டு கேள்விகளையும் தள்ளிவிடக் கூடாது. இரண்டுக்கும் மார்க்கத்தில் விடை இருக்கிறது.

விடுதலை ஒரு நிஃமத்

திருமறையின் 14-வது அத்தியாயமான சூரா இப்ராஹீமைப் பாருங்கள். தம் சமூகத்தாருக்கு அல்லாஹ்வுடைய நாட்களை நினைவூட்டும்படி நபி மூஸா (அலை) அவர்கள் ஏவப்படுகிறார்கள். அவர்கள் எதை நினைவூட்டினார்கள்? பிர்அவ்னின் கொடுமையிலிருந்து விடுதலை பெற்றதைத்தான். அதை அடுத்த வசனத்தில்தான், நன்றி செலுத்தினால் அதிகமாக்கித் தருவதாகவும், நன்றி கொன்றால் வேதனை கடுமையானது என்றும் அல்லாஹ் அறிவிக்கின்றான். ஷுக்ரைப் பற்றிய இந்தப் பிரபலமான வசனம், ஒரு சமூகத்தின் விடுதலையைப் பேசுமிடத்தில் வந்திருப்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பு வைத்திருந்தார்கள். மூஸா (அலை) அவர்கள் காப்பாற்றப்பட்ட நாள் அது என்று காரணம் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் நோன்பு நோற்று, மற்றவர்களையும் நோற்கச் சொன்னார்கள். விடுதலையை நினைத்து நன்றி செலுத்துவது நமக்குப் புதிதல்ல என்பது இதனால் விளங்குகிறது. அந்த நன்றி வீண் கேளிக்கையாக இராமல் வணக்கமாக இருந்தது என்பதும் விளங்குகிறது.

1947 ஆகஸ்டு 15 ஒரு வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1366 ரமளானின் கடைசிப் பத்து. நோன்பு வைத்த நிலையில் ஜும்ஆத் தொழுத நம் பெரியவர்கள் அந்த விடுதலையைக் கண்டார்கள்.

பிலால் (ரலி) அவர்களின் ஏக்கம்

"நாட்டுப்பற்று ஈமானைச் சேர்ந்தது" என்ற வாசகத்தை மேடைகளில் ஹதீஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது நாயகத்தின் சொல்லாக நிரூபணமாகவில்லை என்பது ஹதீஸ் கலை இமாம்களின் தீர்ப்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸஹீஹான ஹதீஸ்களே நமக்குப் போதும்.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கு வளரும் நறும்புல்லையும், அதன் சுனைநீரையும் நினைத்துக் குரலெடுத்துப் பாடுவார்கள். எந்த மக்கா அது? அவர்களை அடிமையாக வைத்திருந்த மக்கா! சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றிய மக்கா! அந்த மண்ணின் புல்லுக்காக அவர்கள் ஏங்கினார்கள். அதே வேளையில், தங்களைத் தங்கள் பூமியிலிருந்து விரட்டிய உத்பா, ஷைபா, உமையா ஆகியோருக்கு எதிராக அல்லாஹ்விடம் முறையிடவும் செய்தார்கள். இதைக் கேள்வியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள் பிலாலைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவின் மீதும் எங்களுக்கு அன்பைக் கொடு என்று துஆச் செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது வருகிறது.

வாலிபர்களே! உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மண்ணை நேசித்ததால் பிலால் அவர்கள் அநியாயக்காரர்களை மறந்துவிடவில்லை. அநியாயக்காரர்களை வெறுத்ததால் மண்ணை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அது "எங்கள் பூமி" என்றே சொன்னார்கள். அநியாயத்தை அநியாயம் என்று சட்டத்துக்குட்பட்டு எடுத்துச் சொல்வது நாட்டுக்குச் செய்யும் துரோகமாகாது. தன் கூட்டத்தார் அநியாயம் செய்யும்போதும் அவர்களுக்குத் துணைபோவதையே நாயகம் (ஸல்) அவர்கள் அஸபிய்யத் என்று கண்டித்தார்கள். அந்த வெறி மதத்தின் பெயரால் வந்தாலும், மொழியின் பெயரால் வந்தாலும், தேசத்தின் பெயரால் வந்தாலும் ஒன்றுதான்.

முன்னோர் சென்ற வழி

நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபை எழுதிய பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற நூலையும் எழுதினார்கள். மலபார்க் கரையில் போர்ச்சுகீசியர் செய்த கொடுமைகளைக் கூறி, அவர்களை எதிர்க்கத் தூண்டும் நூல் அது. அந்தப் போராட்டத்தில் முஸ்லிம்கள் கோழிக்கோட்டின் இந்து மன்னரான சாமூதிரியின் பக்கம் நின்றார்கள். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் 1917 முதல் 1920 வரை மால்டா தீவில் ஆங்கிலேயரின் கைதியாக இருந்தார்கள். நம் தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு, ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி உதவினார்கள்.

இவர்களெல்லாம் யாரிடமும் நற்சான்று வாங்குவதற்காக இதைச் செய்யவில்லை. இன்று சிலர் நம் நாட்டுப்பற்றுக்குச் சாட்சி கேட்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக நாம் செய்தால் அது ரியா ஆகிவிடும். அல்லாஹ் பார்க்கிறான் என்பதற்காகச் செய்தால் அது ஷுக்ர் ஆகும்.

நன்றி செலுத்துவது எப்படி?

ஷுக்ர் உள்ளத்தாலும் நாவாலும் உறுப்புகளாலும் நிறைவேற வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்குகிறார்கள். இந்த விடுதலை அல்லாஹ் தந்தது என்று உணர்வது உள்ளத்தின் ஷுக்ர். அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்வதும், அதற்காகப் பாடுபட்டவர்களை, எந்தச் சமயத்தவராயினும், நன்றியோடு பேசுவதும் நாவின் ஷுக்ர். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நபிமொழியின் கருத்தன்றோ?

உறுப்புகளின் ஷுக்ரில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். காலையில் கொடிக்கு முன் நின்றுவிட்டு, மாலையில் கடையில் எடை குறைப்பது நன்றியாகுமா? லஞ்சம் கொடுத்துக் காரியம் முடிப்பதும், ஓட்டுக்குப் பணம் வாங்குவதும், குப்பையைப் பொதுக் கால்வாயில் கொட்டுவதும் நாட்டுக்குச் செய்யும் துரோகங்கள் அல்லவா? 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, மார்க்கத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு சுப்ஹுத் தொழுகைக்கு எழாமல் தூங்குகிறோமே, இது எந்த வகை நன்றி?

ஆகவே, இந்த ஆகஸ்டு 15 அன்று சுப்ஹுக்குப் பின் வீட்டாரோடு அமர்ந்து விடுதலையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மிட்டாயில் ஒரு பங்கை, எந்தச் சமயத்தவரானாலும், அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புங்கள். இந்த நாட்டின் அமைதிக்காகக் கையேந்துங்கள். மக்காவை அபயமளிக்கும் ஊராக ஆக்கித் தரும்படி நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்டார்களே, அதுபோல நாமும் நம் ஊருக்காகக் கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நாட்டை அச்சமற்ற நாடாக ஆக்குவாயாக! இங்கு வாழும் மக்கள் அனைவருக்கும் நீதியையும் உணவையும் நிம்மதியையும் தருவாயாக! எங்களை உன் நன்றியுள்ள அடியார்களாக ஆக்கியருள்வாயாக! ஆமீன்.