கூரையைப் பிரித்த நால்வர்



யேசு கப்பர்நாகும் ஊரில் ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருந்த வேளையில், திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தார்கள் என்று நற்செய்தியாளர் மாற்கு எழுதுகின்றார். வாசலில் பெருங்கூட்டம். வழிவிடுவார் ஒருவருமில்லை. வந்தவர்களோ திரும்பிப் போகவில்லை. கூரை மேல் ஏறி, அதைப் பிரித்து, நோயாளியைப் படுக்கையோடு ஆண்டவர் முன் இறக்கிவிட்டார்கள். இப்பகுதியைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். நோயாளி எழுந்து நடந்ததே நம் நினைவில் நிற்கின்றது. ஆனால் அதற்கு முன்னரே, சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் யேசு கண்டார் என்று நற்செய்தி கூறுவதை நாம் கவனிப்பது குறைவு.

இதை விளக்குவதற்கு இன்று ஒரு கார்ப் பந்தய வீரரின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். பிரசங்கத்தில் கார்ப் பந்தயமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சித்திரை மாதத்தில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பற்றி நம் இளைஞர்கள் எவ்வளவு ஆவலாகப் பேசுகின்றார்கள் என்பது தெஹியோவிட்டையில் யாவருக்கும் தெரியும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பில்லி மொங்கர் என்ற இளைஞருக்கு அப்போது 17 வயது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி டொனிங்டன் பார்க் பந்தயத் திடலில் அவருடைய கார் மற்றொரு காரின் பின்புறத்தில் மோதியது. நசுங்கிய வண்டிக்குள்ளிருந்து அவரை வெளியே எடுக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றது. இரண்டு கால்களையும் வைத்தியர்கள் அகற்ற வேண்டியதாயிற்று. அன்று உயிர்ப்பு ஞாயிறு. உயிர்ப்பு ஞாயிறு என்றதும் நம் நாட்டுக் கத்தோலிக்கரின் உள்ளம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதிக்கே ஓடும். அன்றைய காயங்களை இன்றும் உடலில் சுமப்போர் நம்மிடையே இருக்கின்றார்கள்.

பில்லி மீண்டும் பந்தயம் ஓட விரும்பினார். ஆனால் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் அங்கவீனர் போட்டியிடுவதை உலக மோட்டார் சம்மேளனத்தின் விதி தடுத்தது. தீப்பிடித்தால் கால் இல்லாதவர் எவ்வாறு விரைந்து வெளியேறுவார் என்ற அச்சம் மனிதருக்கு எழுவது இயல்பே. அதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் ஒருவருடைய ஆற்றலைச் சோதித்துப் பாராமலே வாசலைச் சாத்துவது வேறு விடயம். பில்லி மேன்முறையீடு செய்தார். 2017 டிசம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. பொறியியலாளர்கள் அக்சிலரேட்டரைக் காலிலிருந்து கைக்குக் கொண்டுவந்தார்கள். சிகிச்சைக்கும் வாழ்வுக்குமென முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய காசு சில நாட்களிலேயே 7 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. 2018 மார்ச் 31ஆம் திகதி, பெரிய சனிக்கிழமையன்று, ஓல்டன் பார்க்கில் அவர் மறுபடியும் பந்தயக் காரில் அமர்ந்தார். முதற் போட்டியிலேயே மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு பிரான்சின் போ நகரில் நடந்த பரிசுப் பந்தயத்தில் வெற்றியே அவருக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லாரும் அவருடைய மனவுறுதியைப் புகழ்கின்றார்கள். புகழட்டும். எனக்கோ கூரையைப் பிரித்தவர்களே கண்ணில் படுகின்றார்கள். விதியை மாற்றியவர்கள், கைக்கருவியைச் செய்தவர்கள், காசு அனுப்பியவர்கள், தோளில் தாங்கிய வீட்டார்: இவர்கள் இல்லாவிட்டால் அந்த மனவுறுதி சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும்.

இவருக்கு முன்னரும் சிலர் இருந்தார்கள். இத்தாலியரான அலெக்ஸ் சனார்டி 2001 செப்டெம்பர் 15இல் ஜேர்மனியின் லௌசிட்ஸ் திடலில் இரு கால்களையும் இழந்தார். 2003இல் அதே திடலுக்கு வந்து, அன்று ஓடாமல் விட்ட 13 சுற்றுக்களையும் கையால் இயக்கும் காரில் ஓடி முடித்தார். 2005இல் உலகக் கார்ப் பந்தயத் தொடரில் ஒரு போட்டியை வென்றார். பின்னர் கைச்சைக்கிள் ஓட்டி 2012, 2016 பராலிம்பிக் போட்டிகளில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2020 ஜூன் மாதம் கைச்சைக்கிளில் செல்கையில் மறுபடியும் விபத்துக்குள்ளாகித் தலையில் படுகாயமடைந்தார். ஆகவே இவர்களுடைய வழி ஆபத்தில்லாத வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கால் உள்ளவன் ஆபத்தைத் தேர்ந்துகொண்டால் வீரன் என்கின்றோம். கால் இல்லாதவன் அதையே செய்தால், "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்கின்றோம். இது என்ன நீதி?

"சாமி, அது வெள்ளைக்காரப் பணக்காரரின் விளையாட்டு, நாங்கள் அந்த டயருக்குப் பால் வெட்டுகிறவர்கள்" என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். பந்தயக் கார் நம் லயத்து வாசலுக்கு வரப்போவதில்லை. ஆனால் லயத்துக் காம்பராவுக்குள்ளே இருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். மழையில் வழுக்கும் இறப்பர் மலையில் விழுந்து இடுப்பொடிந்தவர், சீனி வியாதியால் காலை இழந்தவர், பிறவியிலேயே கால் சூம்பிய பிள்ளை. விருந்தாளி வந்தால் அவர்களைப் பின்பக்கத்துக்கு அனுப்பும் வீடுகள் இல்லையா? "என்ன பாவம் செய்தார்களோ" என்ற பேச்சு நம் வாயில் வருவதில்லையா? பிறவிக் குருடனைக் கண்டு சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று யேசு அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார்.

அவர்களுக்கு நாம் நன்மை கொண்டுபோகின்றோம். நோயில் பூசுதல் கொடுக்கின்றோம். கிறிஸ்துமசுக்குப் புதுத்துணியும் கொடுக்கின்றோம். நல்ல காரியங்களே. ஆனால் அவர்கள் வந்து திருப்பலியில் வாசகம் வாசிக்கவும், சங்கத்தில் பொறுப்பேற்கவும், பாடற்குழுவில் நிற்காமல் இருந்தே பாடவும் நாம் வழி செய்தோமா? அங்கவீனரின் உரிமைகளைக் காக்க நம் நாட்டில் 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றி நுழைவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சட்டம் சொன்ன பிறகும் நம் சிற்றாலய வாசலில் மூன்று படிகள் அப்படியே இருக்கின்றன.

அந்தப் படிகளின் உயரம் ஒன்றரை அடி. சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதைக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கட்டடக்காரரின் கணக்கு. ஆக, நமக்குப் பதினெட்டு அடி. இடப்பக்கம் அவ்வளவு இடம் இருக்கின்றது. கருங்கல்லுக்கும் நம் தோட்டத்தில் குறைவில்லை. சீமெந்துக்கும் மணலுக்கும் என்ன செலவாகும் என்று பார்க்க வேண்டும். மேசன் வேலை தெரிந்தவர்கள் இன்று பூசை முடிந்ததும் வாசலில் சற்று நில்லுங்கள்.