மூத்தவன் எங்கே?

தொண்டு செய்பவர் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அது சைவமா? 2020இல் ஆசிரியையாய்ப் பள்ளிக்கூடம் திரும்பிய நாட்களிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த வருடம் மார்ச் நடுப்பகுதியில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மாதம் முடியமுதலே யாழ்ப்பாணத்தின் முதலாவது கொரோனாத் தொற்று தாவடியில் தெரியவந்து, ஊரையே அடைத்தார்கள். தாவடி எங்கள் இணுவிலுக்குப் பக்கத்து ஊர். காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் போய்விடலாம். பிறகு, ஜூன் 29 ஆசிரியர்கள் வரவேண்டும், ஜூலை 6 தரம் 5, 11, 13 பிள்ளைகள் வருவார்கள் என்று அறிவித்தார்கள். எனக்குச் சீனி வருத்தம். வீட்டில் எண்பது தாண்டிய மாமி.

திறக்க முன்னர் ஓர் ஆயத்தக் கூட்டம் நடந்தது. ஒரு மீற்றர் இடைவெளி, முகக்கவசம், கை கழுவும் ஏற்பாடு என்று வாசித்தார்கள். நான் எழும்பிக் கேட்டேன்: “சவர்க்காரத்துக்குக் காசு ஆர் தருகிறது? காய்ச்சலோடு வருகிற பிள்ளையை எங்கே இருத்துகிறது? வருத்தக்காற ஆசிரியர்களுக்கு என்ன ஒழுங்கு?” முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். “ரீச்சர், நீங்கள் சமயம் படிப்பிக்கிறனீங்கள். அப்பூதியடிகளை மறந்திட்டியளோ? பெத்த பிள்ளையைப் பாம்பு கடிச்சும் விருந்தை நிப்பாட்டாத மனுசன்!” சபை கைதட்டியது.

அப்பூதியடிகளை நான் மறக்கவில்லை. கோயிலில் பெரியபுராணம் படிக்கும்போது என்னுடைய ஐயா பயன் சொல்லுவார். அந்தக் கதையைச் சின்னப்பிள்ளையாய்த் தூணோடு சாய்ந்திருந்து கேட்டவள் நான். திங்களூரில் அப்பூதியடிகளின் வீட்டுக்கு அப்பர் அமுதுசெய்ய வருகிறார். வாழைக்குருத்து வெட்டப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டுகிறது. தாயும் தகப்பனும் உடலைப் பாயில் சுற்றி மறைத்துவிட்டு இலை போடுகிறார்கள். பெரியவர் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டார். கதையோ இனித்தான் தொடங்குகிறது. திருநீறு கொடுக்கும்போது மூத்தவனைக் காணவில்லை என்று அப்பர் கவனிக்கிறார். அவன் எங்கே என்று கேட்கிறார். பதிலில் ஏதோ பிழை இருப்பது தெரிகிறது. உண்மையைச் சொல்லவைத்து, எழுந்துபோய்ப் பதிகம் பாடி, பிள்ளை எழும்பிய பிறகே அமுதுசெய்கிறார்.

சிறுத்தொண்டர் கதையைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. அங்கே பிள்ளைக்கறி கேட்டவர் சிவனே அல்லவா? உண்மைதான். ஆனால் வைரவக்கோலத்து அடியாராய் வந்த அவரும் இலைக்கு முன்னால் இருந்துகொண்டு, உன் பிள்ளையைக் கூப்பிடு, அவன் வந்தால்தான் உண்பேன் என்கிறார். கறியாக்கப்பட்ட மகன் சீராளன் ஓடிவருகிறான், உள்ளே போய்ப் பார்த்தால் அடியாரையும் காணோம், கறியையும் காணோம். இரண்டு வீட்டிலும் கொடுப்பவர் எதையும் கொடுக்கத் தயாராய் இருக்கிறார். இரண்டு வீட்டிலும் வந்தவர் பிள்ளை இல்லாமல் உண்ண மறுக்கிறார். கொடுப்பவரின் பக்தியை மட்டும் பாடமாக்கி, உண்பவரின் பொறுப்பை நாங்கள் விட்டுவிட்டோம்.

அதற்காக ஆசிரியர்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளிடம் ஃபோன் இல்லை. இருந்த சிலரிடம் டேட்டாவுக்குக் காசில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பாடம் அவர்களிடம் போய்ச் சேரவேயில்லை. ஓ.எல். எழுத வேண்டிய பிள்ளைகள் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நான் போனேன், படிப்பித்தேன். போவது என் கடமை. என்ன ஆபத்துக்குள் போகிறேன் என்று பார்க்கவேண்டியது என்னைப் போகச் சொல்பவரின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிட முடியாது.

முழுப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கும் இல்லை. திங்களூரில் பாம்புகளே இல்லாமற் போகும்வரை உண்ணமாட்டேன் என்று அப்பர் இருக்கவில்லை. தன் பொருட்டு ஒரு வீட்டுக்கு நேர்ந்ததை அறியாதவர்போல் இருக்க மறுத்தார், அவ்வளவுதான். யன்னல் திறக்குமா, குழாயில் தண்ணீர் வருமா, வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாமா, யாருக்கு நீரிழிவு, யார் கர்ப்பிணி என்று கேட்பதற்குப் பதிகம் பாடும் வல்லமை தேவையில்லை. மேலும், என் உடம்பு என்னோடு முடிகிற காரியமும் அல்ல. வகுப்பில் எனக்குத் தொற்றினால் அது மாமிக்குப் போகும். என்னிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றினால் அதன் அம்மம்மாவுக்குப் போகும். என்னைத் தியாகம் செய் என்று கேட்பவர் அவர்களையும் சேர்த்தே கேட்கிறார். அவர்களின் உயிரைக் கொடுக்க எனக்கு ஆர் உரிமை தந்தது?

ஆசிரியர்களுக்கான தடுப்பூசித் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கியது. அந்த ஒக்டோபர் 21 சிறிய ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தபோது, ஊசி போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடியதாக இருந்தது. பிந்தித்தான் வந்தது, ஆனாலும் அதை அப்பரின் வழியில் வந்த செயல் என்றே சொல்லுவேன்.

எங்கள் தொழிலைத் தெய்வீகமானது என்று புகழ்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அப்பூதியடிகளாய் இருக்கச் சொல்லி எங்களைக் கேட்க முன்னர், நீங்கள் அப்பராய் இருக்கப் பழகுங்கள். இலைக்கு முன்னால் இருந்தவர் அவர். மூத்தவன் எங்கே என்று கேட்கவேண்டிய முறையும் அவருடையதே.