ஒன்றாக வெடிக்காத மூன்று வாணங்கள்

மூங்கில்துறைப்பட்டில் எங்கள் அம்மன் திருவிழாவின் கடைசி ராத்திரி வாணவேடிக்கை. அதற்காகவே பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். முதல் வருஷம் எடுத்த எண்பது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் வெள்ளைத் திட்டு. இருட்டாச்சே என்று ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, லென்ஸை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். நெருப்பு தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவரும் என்பது உறைக்க அடுத்த திருவிழா வரவேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 11. அந்த அளவுக்குச் சுருக்கினால்தான் ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்பு சிவப்பாகவே நிற்கும், வெளுக்காது. ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் பார்த்துக் கையால் திருகிவிட்டு அப்புறம் தொடவே கூடாது. காற்று நம் முதுகிலிருந்து அடிக்கிற இடமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் பத்தாவது நிமிஷம் புகைதான் படம். முக்கியமாக, காது வேண்டும். குழாயிலிருந்து வாணம் கிளம்பும் ‘தொம்’ கேட்டவுடன் ஷட்டரைத் திறந்து, பூ விரிந்து உதிரும்வரை நான்கு விநாடி காத்திருப்பது.

கடைசியாகக் கற்றது கறுப்பு அட்டை வித்தை. கேமராவை பல்ப் மோடில் திறந்தே வைத்துவிட்டு, லென்ஸுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடிப்பது. வாணம் கிளம்பும்போது விலக்கு, உதிர்ந்ததும் மூடு. மூன்று முறை செய்தால் ஒரே வானத்தில் மூன்று பூக்கள். அப்படி எடுத்த படத்தை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். சித்தப்பா முதல் துபாயில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் வரை எல்லோரும் கைதட்டினார்கள். நானும் லேசாகப் பறந்தேன்.

அடுத்த வருஷம் வெடிக்காரர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். வலதுகைச் சுண்டுவிரலில் பாதி இருக்காது அவருக்கு.

“தம்பி, அந்தப் படம் நீ புடிச்சதா?”

“ஆமாண்ணே.”

“மூணையும் நான் ஒண்ணா வுடலியே. விழாக்குழுவுல படத்தக் காட்டி, போன வருசம் மாதிரி மூணும் ஒண்ணா நிக்கணும்ங்கறாங்க. இருக்கறது மூணு குழாயி, கூட இருக்கறது பையன் ஒருத்தன். எப்பிடி வுடறது?”

அந்தப் படம் பொய்யா? நீண்ட எக்ஸ்போஷரே பொய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு விநாடி எரிந்த ஒன்றின் முழு நீளம் அது. கண் அழித்து அழித்துப் பார்க்கிறது, சென்சார் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அட்டை வேறு சங்கதி. ஒரு வாணத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே அவர் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வார். முந்தைய குழாயில் கங்கு கிடக்கிறதா என்று பார்ப்பார், பையனைத் தள்ளி நிற்கச் சொல்வார், ஊதுபத்தியை நீட்டிப் பிடித்து, குழாய்க்கு மேல் தலை வராமல் உடம்பைச் சாய்த்துத் திரியைத் தொடுவார். அவருடைய தொழிலே அந்த இரண்டு நிமிஷம்தான். நான் அட்டை வைத்து மறைத்தது சரியாக அதைத்தான்.

‘மூன்று வாணங்களைச் சேர்த்து எடுத்த படம்’ என்று கீழே ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்குமா? அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மூன்றாவது ஃபார்வர்டில் அந்த வரி உதிர்ந்திருக்கும், படம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். கோடுக்குள் கமென்ட் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் புத்தி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

கொல்லம் பக்கத்து பரவூரில், புற்றிங்கல் தேவி கோயிலில், 2016 ஏப்ரல் 10 அதிகாலை நடந்தது நினைவிருக்கலாம். போட்டி வெடிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அப்படியும் நடந்தது. வெடி குவித்து வைத்திருந்த கட்டடத்தில் தீ பிடித்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கேஸ் யார் யார் மேல் போட்டார்கள் என்பது தனிக்கதை. ‘இன்னும் பெருசா’ என்று அண்ணாந்து பார்க்கிற ஆசை மேல் யாரும் கேஸ் போட முடியாது. எங்கள் ஊரில் அந்த ஆசைக்கு ஒரு மாதிரிப் படத்தை வரைந்து கொடுத்தவன் நான். பார்க்கிறவன் கை சுத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

விழாக்குழுவிடம் போய் அட்டையைக் காட்டி விளக்கினேன். “அப்ப இது டூப்பா?” என்றார் ஒருவர். என் மானம் கொஞ்சம் போனது. வாணங்கள் அந்த ராத்திரியும் ஒவ்வொன்றாகத்தான் போயின.

இந்த வருஷம் அட்டை கொண்டுபோகவில்லை. ஒற்றைப் பூக்களாக இருபது எடுத்தேன். நடுவில் ஒருமுறை மட்டும் ஐஎஸ்ஓவைப் பழையபடி 3200க்கு ஏற்றி, லென்ஸை முழுசாகத் திறந்து, கீழே அவரைப் பார்த்து எடுத்தேன். எஃப் 11 வைத்தால் ஆள் கிடைக்கமாட்டார், இருட்டோடு போய்விடுவார். இத்தனை வருஷப் படங்களில் ஒன்றில்கூட மனிதர் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வெடி முடிந்ததும் காட்டினேன். மேலே மறுபடி வெள்ளைத் திட்டு.

“வெளுத்துப் போச்சே தம்பி” என்றார். அப்புறம் திரையை விரலால் பெரிசாக்கி, பையனைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. எவ்ளோ எட்ட நிக்கறேன் பாரு.”